ஹில்டா மோஸின் நாலாவது கம்பி

நாமக்கல் மாவட்டத்தில் ஹில்டா மோஸுக்கு மூன்று ரசிகர்கள் இருக்கிறோம். மன்றங்கள் இரண்டு இருந்தன. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஹில்டா மோஸ் யார் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்காமல் இருந்தால் இன்னும் அதிகமாக வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத ஒரு ஆலை ஊர். அங்கே 'கோல்டு பேன்ட்ரி' என்று ஒரு குழு. பங்க் இசைக்காரர்கள் எல்லாம் கத்தித் தொண்டை கட்டி ஓய்ந்த பிறகு, அதே கோபத்தை நிதானமாகச் சொல்ல வந்த போஸ்ட்-பங்க் கூட்டத்தில் அதுவும் ஒன்று. அதில் ஹில்டா பேஸ் கிட்டார் வாசித்தார். பேஸ் வாசிக்கிறவர் நிலைமை கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர் நிலைமைதான். அவர் இல்லாவிட்டால் கல்யாணமே நடக்காது, ஆனால் எந்தப் போட்டோவிலும் இருக்க மாட்டார். ஹில்டா அதைத் தலைகீழாக மாற்றினார். பாட்டின் மெட்டையே பேஸில் வாசித்தார். கிட்டார்காரர் ஓரமாக நின்று அவ்வப்போது ஒரு கீறல் கீறிவிட்டுச் சும்மா இருந்தார். இதில் இன்னொரு அதிசயம், பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பி. ஹில்டாவின் கிட்டாரில் மூன்றுதான். அடிக்குரலுக்கான தடித்த கம்பி கிடையாது. அடிக்குரல் இல்லாமலே நாற்பது வருடம் பேஸ் வாசித்த ஒரே பெண்மணி அவர்.

நான் அவரை முதலில் கேட்டது நாமகிரிப்பேட்டையில், என் மாமன் மகளின் குழந்தைக்குக் காது குத்திய அன்று. சவுண்ட் சர்வீஸ்காரர் சினிமாப் பாட்டுப் போடுவதற்கு முன்னால் பெட்டிகளைச் சோதிக்க ஏதோ ஒன்றை ஓடவிட்டார். பெட்டி வழக்கம்போலக் குத்தவில்லை, பாடியது. கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன்.

"ஏனுங்க, இது என்ன பாட்டுங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருசத்துல நிறுத்தச் சொல்லித்தான் வந்திருக்காங்க. என்ன பாட்டுன்னு கேட்டு வந்தது நீங்கதானுங்க அம்மிணி," என்றார்.

அவர்தான் முருகானந்தம். பெட்டி சோதிக்க இணையத்தில் எதையோ தேடப்போய் ஹில்டாவிடம் மாட்டிக்கொண்டவர். நான் நாமக்கல்லில் கோழி மருந்துக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீடு ராசிபுரம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியமானால் வண்டியை எடுத்துக்கொண்டு அவருடைய குடோனுக்குப் போய்விடுவேன். முன்பு மஞ்சள் மூட்டை அடுக்கிய குடோன் அது. இப்போது பெட்டிகள் அடுக்கியிருந்தாலும் தரையெல்லாம் மஞ்சள் வாசம்தான். முருகானந்தத்தின் அம்மா பாப்பாயி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே நாங்கள் ஹில்டாவைக் கேட்போம்.

குடோனுக்குப் போவானேன், கைப்பேசியில் கேட்டால் என்ன என்பீர்கள். கைப்பேசியில் ஹில்டா வரமாட்டார். பாடுகிறவர் கத்துவார், டிரம்ஸ் தட்டும், அதற்கு அடியில் ஹில்டா இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். இயர்போனில் காதுவரை வருவார். நெஞ்சுக்கு வரவேண்டுமானால் ஆள் உயரப் பெட்டி வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்த மாதிரிப் பெட்டியும் ஹில்டாவும் ஒன்றாக இருந்த இடம் முருகானந்தத்தின் குடோன் ஒன்றுதான்.

மூன்றாவது ரசிகர் ஜெயபிரகாஷ். திருச்செங்கோட்டுக்காரர், முருகானந்தத்தோடு ஒன்றாகப் படித்தவர், ரிக் வண்டியில் போர்வெல் ஓட்டிக்கொண்டு சத்தீஸ்கரில் இருக்கிறார். பூமியைத் துளைக்கிற அந்தச் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் ஓடுகிற ஒரே பாட்டு ஹில்டாவுடையது என்பார். மூன்று பேர் சேர்ந்தால் நம் ஊரில் மன்றம் வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தோம். நான் தலைவர், முருகானந்தம் செயலாளர், ஜெயபிரகாஷ் பொருளாளர். உறுப்பினர் யாரும் இல்லை. ஒரு வருடம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு அந்த நாலாவது கம்பி வந்தது.

ஹில்டா ஏன் மூன்று கம்பியில் வாசித்தார் என்பதை அவர் எங்கேயும் சொன்னதில்லை. பேட்டிகளில் கேட்டால் சிரித்துவிட்டு டீ குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகானந்தம் தானாகவே தீர்ப்புச் சொன்னார்.

"அறுந்துபோயிருக்குமுங்க. மொதல் கச்சேரில, நடு மேடைல அறுந்திருக்கும். கைல வேற கம்பி இருந்திருக்காது. இருக்கறத வெச்சு வாசிச்சுப்போட்டு எறங்கிருப்பாங்க. அப்பறம் அதே பழகிருச்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? நானும் மேடைக்குச் சாமான் கட்டறவன்தானுங்க அம்மிணி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஹில்டா அந்தக் கம்பியைத் தன் கையாலேயே கழற்றி எறிந்தவர். எல்லோரும் பேஸ் என்றால் அடிக்குரல் என்று சொன்னபோது, எனக்கு அது வேண்டாம் என்று சொன்னவர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவள் நான். வந்த மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்றவள். எனக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண் உலகத்தில் இருந்தாள் என்பது எனக்கு அவசியமாக இருந்தது. முருகானந்தத்துக்கோ, அப்பா விட்டுப்போன பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஈயம் வைத்து ஈயம் வைத்தே தொழிலை நிமிர்த்தியவருக்கு, இருப்பதை வைத்து ஒப்பேற்றிய ஒருத்தி வேண்டியிருந்தது. இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது.

"எப்பவும் ஒப்பேத்தறவங்களுக்கு ஒப்பேத்தறதுதான் பெருசாத் தெரியும்," என்றேன்.

அவர் கையில் இருந்த வயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினார். "எதையும் பாதில உட்டுப்போட்டு வாரவங்களுக்கு அதுதான் கொள்கையாத் தெரியும்," என்றார்.

அத்தோடு மன்றம் உடைந்தது. என்னுடையது 'ஹில்டா மோஸ் தலைமை ரசிகர் மன்றம்'. அவர் மறுநாளே 'ஹில்டா மோஸ் உண்மை ரசிகர் மன்றம்' தொடங்கினார். ஜெயபிரகாஷ் இரண்டிலும் பொருளாளர். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மாவா? நான் காலையில் அவரைக் கூப்பிட்டு நலம் விசாரித்தால் முருகானந்தம் சாயங்காலம் கூப்பிட்டு விசாரிப்பார். பெற்ற தாய்கூட அவரை அவ்வளவு விசாரித்ததில்லையாம்.

ஆனால் எனக்குத்தான் நஷ்டம். பெட்டி அவரிடம் இருந்தது. நான் ஹில்டாவை இயர்போனில் காதோடு கேட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஒரு நாள் தாங்க முடியாமல் நாமக்கல் போகிற தனியார் பேருந்தில், அதன் ஸ்பீக்கரை நம்பி, கண்டக்டரிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். நல்ல மனிதர், போட்டார். ஹில்டா வந்தார். பேருந்தின் கம்பியெல்லாம் அதிர்ந்தது. எனக்கு முன்சீட்டுக்காரம்மா திரும்பி, "இதென்னம்மா, எழவு ஊட்டுல மேளக்காரன் தூங்கிப்போன மாதிரி இருக்குது?" என்றார். ஆண்டகளூர் கேட் வருவதற்குள் பாட்டு மாறிவிட்டது. அன்று நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அழுதேன். ஹில்டாவுக்காக இல்லை. "எழவு ஊட்டு மேளக்காரன்" என்பதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் ஹில்டாவின் இணையப் பக்கத்தில் அந்த அறிவிப்பு வந்தது. புது இசைத்தட்டு வருவதை ஒட்டி, உலகத்தில் எங்கே ரசிகர் குழு இருந்தாலும் அவர்களோடு பத்து நிமிடம் வீடியோவில் பேசுவார். குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி. எந்தக் கேள்வியானாலும் பதில் சொல்வார்.

நான் விண்ணப்பித்தேன். முருகானந்தமும் விண்ணப்பித்தார். ஹில்டாவின் உதவியாளரிடமிருந்து இருவருக்கும் ஒரே பதில் வந்தது. உங்கள் பகுதியிலிருந்து இரண்டு குழுக்கள் எழுதியிருக்கிறீர்கள், இரண்டிலும் பொருளாளர் ஒரே ஆளாக இருக்கிறார், நீங்கள் ஒரே குழுதான் என்று நினைக்கிறோம், தயவுசெய்து சேர்ந்து வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

ஜெயபிரகாஷ் சத்தீஸ்கரிலிருந்து இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேச்சுவார்த்தை நடத்தினார். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான்.

"ஜேபிண்ணா, கேள்வி நாலாவது கம்பியப் பத்தித்தான்னு அவருகிட்டச் சொல்லுங்க," என்றேன்.

"அவன் கேட்டுட்டுத்தான் இருக்கானுங்க."

"கேட்டாலும் நீங்க சொல்லுங்க."

"டேய் முருகா, கம்பியப் பத்தித்தானாமா."

"நானும் அதேதான்னு தலைவரம்மாகிட்டச் சொல்லு," என்றார் முருகானந்தம். அம்மிணி போய்த் தலைவரம்மா ஆகியிருந்தேன். அது கொஞ்சம் குத்தியது.

கேள்வியில் இருவரும் ஒத்துப்போனோம். அறுந்ததா, கழற்றியதா? பதில் யாருக்கு எதிராக வருகிறதோ அவர் தன் மன்றத்தைக் கலைத்துவிட்டு அடுத்தவர் மன்றத்தில் வெறும் உறுப்பினராகச் சேரவேண்டும். எனக்கு இதில் பயம் இருந்தது. ஜெயித்தால் அவர் ரோஷத்தில் குடோன் பக்கம் வராதே என்பார். தோற்றால் என் ரோஷத்தில் நானே போகமாட்டேன். எப்படிப் பார்த்தாலும் பெட்டி எனக்கில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். பின்வாங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

சரி, கேள்வியை யார் கேட்பது? அரை மணி நேரம் சண்டை. கடைசியில் இருவரும் ஒரே குரலில் சேர்ந்து கேட்பது என்று முடிவாயிற்று. மற்றப்படி பத்து நிமிட நிகழ்ச்சியை முறைப்படி வகுத்தோம். தலைமை நான், முன்னிலை முருகானந்தம். வரவேற்புரை நான், வாழ்த்துரை அவர், அதன்பின் கேள்வி, கடைசியில் நன்றியுரை ஜெயபிரகாஷ். முறைப்படி நடத்தாவிட்டால் ஹில்டாக்கா நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பது எங்கள் கவலை. இதில் உள்ள தப்பு உங்களுக்கு இப்போதே தெரிகிறது. எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் எத்தனை கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள், எதிலாவது வரவேற்புரை இல்லாமல் இருந்திருக்கிறதா?

ஃப்ளெக்ஸ் வேறு இருந்தது. கௌசிக் என்று ராசிபுரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர். தலைவர் படமும் முன்னிலை படமும் சம அளவில் இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் சம அளவில்தான் போட்டிருந்தார், இருவரும் ஆளுயரத்துக்கு இருந்தோம். நடுவில் ஜெயபிரகாஷ் கறுப்புக் கண்ணாடியோடு ரிக் வண்டிமேல் நின்றார். மேலே வலது மூலையில், சாமி படம் போடுகிற இடத்தில், தபால்தலை அளவில் ஹில்டா இருந்தார். கீழே ஒரு பேஸ் கிட்டார் படம். அதில் ஆறு கம்பி.

"கௌசிக், அது மூணு கம்பியில்ல?" என்று போனில் கேட்டேன்.

"மூணுன்னா பாக்கறதுக்கு மொட்டையா இருக்குதுங்க. அதான் சேத்தியே போட்டுட்டனுங்க. அதுக்கு எச்சாக் காசு ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடோனுக்குப் போனேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. பாப்பாயி அம்மா, "வா சாமி, எளச்சுப்போயிட்டயே," என்றார். முருகானந்தம் திரும்பிப் பார்க்கவில்லை. திருவிழாவுக்குக் கட்டுகிற அத்தனை பெட்டியையும் இறக்கி இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார். ஹில்டாக்கா குரல் கைப்பேசியில் கேட்கிற குரலா என்று பாப்பாயி அம்மாவிடம் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார். ஒரு மடிக்கணினி, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் இரண்டு நாற்காலி, நடுவில் பொன்னாடை மடித்து வைத்த தட்டு. வீடியோவில் பொன்னாடை போர்த்த முடியாது என்பது எனக்குத் தெரியும். தூக்கிக் காட்டலாம் அல்லவா?

திரையில் ஹில்டா வந்தார். வெள்ளை முடி, பழுப்பு ஸ்வெட்டர், பின்னால் ஒரு சமையலறை. "ஹலோ" என்றார். அது இரண்டு பக்கப் பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பாப்பாயி அம்மா முறத்தைக் கீழே போட்டார். நான் எழுந்து வரவேற்புரையைத் தொடங்கினேன்.

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நாமக்கல் மாவட்டத்தின் முட்டை வளம், லாரித் தொழில், நாமகிரிப்பேட்டையின் மஞ்சளும் நாதஸ்வரமும், பிறகு ஹில்டாவின் பிறப்பு, இளமை, அவர் வாசித்த ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு வரி. ஹில்டா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில், கோழிகள் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை, மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

பிறகு முருகானந்தம் வாழ்த்துரைக்கு எழுந்தார். தமிழில் பேசினார், நான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மனிதர் தன் கட்சியை அதில் நுழைத்துவிட்டார்.

"நடு மேடைல கம்பி அறுந்தாலும், கலங்காம, இருக்கறத வெச்சே வாசிச்சு, ஒலகத்துக்கே ஒரு பாடம் சொன்ன எங்கக்கா அவர்களே," என்றார்.

நான், "டியர் சிஸ்டர்," என்று மொழிபெயர்த்தேன்.

முருகானந்தம் என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் நீளம் தெரியும். அதையே மறுபடியும், இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். நான், "வெரி டியர் சிஸ்டர்," என்றேன். ஹில்டாவுக்கு என்ன புரிந்ததோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்படியே இன்னொரு சுற்றுப் போயிருக்கும். அதற்குள் பாப்பாயி அம்மா, இவ்வளவு நேரம் ஒரு பெரிய மனுஷியை உட்கார வைத்துவிட்டு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று பொறுக்காமல் எழுந்து வந்தார். எங்கள் இருவரையும் விலக்கிவிட்டுத் திரைக்குள்ளேயே தலையை விடுகிற மாதிரி குனிந்தார்.

"சாப்டயா சாமி?"

ஹில்டா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி மாறியது. இன்னும் இல்லை, காலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். அதைச் சொன்னேன். வயசான காலத்தில் அப்படி இருக்கக் கூடாது, ஒரு முட்டையாவது அவித்துத் தின்னு, எங்கள் ஊர் முட்டை அங்கே கிடைக்குமா என்று பாப்பாயி அம்மா கேட்டார். அதையும் சொன்னேன். ஹில்டா எழுந்து போனார். முட்டை அவிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பேஸ் கிட்டார் இருந்தது. மூன்று கம்பி.

இது அந்த அம்மாவுக்கு என்றார். வாசிக்கத் தொடங்கினார்.

சத்தம் வரவில்லை.

அத்தனை பெட்டிகளும் அடுக்கியிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. வீடியோ அழைப்பில் பேச்சை மட்டும் விட்டு மற்றதெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டி விடுமாம், முருகானந்தம் பிறகு சொன்னார். உலகத்தில் முதன்முதலாக ஹில்டா மோஸை இரைச்சல் என்று சொன்ன இயந்திரம் அது. திரையில் விரல்கள் மட்டும் ஓடின. எந்தப் பாட்டு என்று எனக்கு உடனே தெரிந்தது. காதுகுத்து அன்று கேட்ட அதே பாட்டு. முருகானந்தம் வாயாலேயே அதைப் பிடித்தார். டும், டுடும் என்று மெல்ல, விரல் போகிற போக்குக்கு. எனக்குத் தெரியாமலே நானும் சேர்ந்துகொண்டேன். அவர் விட்ட இடத்தை நான் எடுத்தேன், நான் மூச்சு வாங்கிய இடத்தை அவர் நிரப்பினார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. பாப்பாயி அம்மா தாளம் தட்டினார். ஹில்டா வாசித்துக்கொண்டே எங்களைப் பார்த்து ஒரு முறை கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் மிகையாகத் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

திரை அணைந்தது. பத்து நிமிடம் முடிந்திருந்தது.

பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்துபோயிருந்தோம்.

"கேள்வி," என்றேன்.

"வரவேற்புரைல கோழி எதுக்குங்க?" என்றார் முருகானந்தம். "அத்தன நேரம் கோழி எதுக்கு?"

"நீங்க ஒரே வாழ்த்த ரெண்டு தடவ சொன்னீங்களே, அது எதுக்கு?"

"ஒரு தடவையாச்சும் நீங்க மொழிபெயர்த்திருந்தா நான் ஏன் மறுக்காச் சொல்றேன்?"

எனக்கு அடுத்த வார்த்தை நாக்கில் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் இன்னொரு ஒன்றரை வருடம். அதற்குள் முருகானந்தத்தின் கைப்பேசி அடித்தது. ஜெயபிரகாஷ். இத்தனை நேரமும் அவரும் சத்தீஸ்கரிலிருந்து அதே அழைப்பில் இருந்தார் என்பதையே மறந்துவிட்டோம். நன்றியுரைக்குக் காத்திருந்தவர்.

"நன்றியுரை போச்சு, பரவால்லீங்க," என்றார். "சண்ட போடாதீங்க. கேள்விய நான் கேட்டுப்போட்டனுங்க."

"எப்ப?"

"நீங்க முட்டையப் பத்திச் சொல்லிட்டிருக்கயில. அக்காவுக்கு அதே அழைப்புலயே எழுத்துல அனுப்பிச்சுட்டனுங்க. எனக்கு மட்டும் பதில் போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டோம். இரண்டு பேரும், ஒரே குரலில், எழுத்துப் பிசகாமல். ஒரு வாரமாகத் தனித்தனியாக ஒத்திகை பார்த்தது அப்போதுதான் பலித்தது.

"சொல்லட்டுங்களா?"

நான் முருகானந்தத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஒரு வயரை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து ஆணியில் மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹில்டா அந்தக் கம்பியைக் கழற்றினாரா, அது அறுந்ததா என்பது ஒன்றரை வருடமாக எனக்கு உயிர் போகிற விஷயமாக இருந்தது. இப்போது எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. யார் ஜெயித்தாலும் ஒருவர் எழுந்து போகவேண்டும். எனக்குப் போக விருப்பமில்லை. அவர் போவதும் விருப்பமில்லை.

நான் "சொல்லாதீங்க" என்றேன். அதே நேரத்தில் அவர் "சொல்லாதடா" என்றார். மரியாதையில் மட்டும்தான் வித்தியாசம்.

"செரி," என்றார் ஜெயபிரகாஷ். கொஞ்சம் யோசித்தார். அந்த மனிதருக்குப் பூமிக்குள் முந்நூறு அடி ரகசியம் தெரியும், வாய்க்குள் ஒன்று நிற்காது. "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லீறனுங்க. ரெண்டு பேரு சொன்னதும் இல்லீங்க."

"இல்லீன்னா?"

"ரெண்டும் தப்பு."

பாப்பாயி அம்மா புளியைத் தட்டத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, முருகானந்தத்துக்கும் அப்படியே. ஆனால் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கோபமும் ஒரே திசையில் இருந்தன.

"பொதுக் கேள்விய ஒரு ஆளு தனியாக் கேக்கலாமுங்களாண்ணா?" என்று நான் முருகானந்தத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"கட்டுப்பாட்ட மீறுனதுதானுங்க அம்மிணி," என்றார் அவர்.

அங்கேயே மன்றங்கள் இரண்டும் இணைந்தன. இணைந்த மன்றத்தின் முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொருளாளர் ஜெயபிரகாஷ் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டார்.

"டேய் முருகா, ஆளே ரெண்டு பேருதானடா இருப்பீங்க," என்றார் அவர்.

"போதும்," என்று முருகானந்தம் போனை வைத்தார்.

ஜெயபிரகாஷ் இப்போது ரிக் வண்டி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 'அனைத்திந்திய ஹில்டா மோஸ் ரசிகர் மன்றம்' நடத்துகிறார். சத்தீஸ்கரில் வைத்த ஃப்ளெக்ஸைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஹில்டா எங்கே இருக்கிறார் என்று நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பவில்லை. முருகானந்தம் கையில் இருந்த வயரைப் பிரித்து மறுபடியும் பெட்டியில் சொருகினார். "ஒண்ணு போடட்டுங்களா அம்மிணி?" என்றார். போட்டார். தரையிலிருந்து கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தார் ஹில்டா. ஒன்றரை வருடமாகக் காலியாக இருந்த இடம் அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மஞ்சத் தூளு கண்ணுல பட்டுருச்சா சாமி?" என்று வாசலிலிருந்து பாப்பாயி அம்மா கேட்டார். ஆமாங்க என்றேன். அப்படியே பேருந்தில் அந்த அம்மா சொன்ன எழவு ஊட்டு மேளக்காரனைச் சொன்னேன். முருகானந்தம் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பாட்டு முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கம்பிய யாராச்சும் எரவல் வாங்கிட்டுப் போயித் திருப்பித் தராம இருந்திருப்பாங்களோ?"

"அப்படி இருக்காதுங்கண்ணா," என்றேன். "சித்த உக்காருங்க, யோசிப்போம்."